காழ், காலி, உண்ணி: தமிழ் உயிரியல் கலைச்சொற்களில் பொதுவேரின் வரலாறு

முன்னுரை

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் தாவரவியல் பயின்ற ஒருவர், தண்டின் குறுக்குவெட்டுமுகத்தை வரைந்தால் அதன் பகுதிகளுக்குக் காழ், உரியம், மாறிழையம் என்று பெயரிடுவார். மதுரையில் மேனிலை வகுப்பில் அதே பாடத்தைத் தமிழ்வழியில் பயின்றவர் சைலம், புளோயம், கேம்பியம் என்று எழுதுவார். விலங்குகளை வகைப்படுத்தும் பாடத்திற்கு வந்தால் நிலை தலைகீழாகும். நண்டும் தேளும் வண்ணத்துப்பூச்சியும் அடங்கிய பெருந்தொகுதியை மதுரை மாணவர் கணுக்காலிகள் என்பார். யாழ்ப்பாண மாணவருக்கு அது ஆத்திரப்போடா. இருவரும் ஒரே மொழியில் ஒரே அறிவியலைக் கற்றவர்கள். எனினும் ஒருவர் எழுதிய விடைத்தாளை மற்றவர் தயக்கமின்றிப் படித்துவிட முடியாது.

இந்த வேறுபாட்டைத் தூய தமிழுக்கும் கலப்புத் தமிழுக்கும் இடையிலான வேறுபாடாகக் காண்பது வழக்கம். மேற்காட்டிய எடுத்துக்காட்டுகளே அவ்விளக்கம் பொருந்தாது என்பதைக் காட்டுகின்றன. இரு கரைகளிலும் தமிழ் வேர்களிலிருந்து பிறந்த சொற்களும் உள்ளன, ஒலிபெயர்ப்புகளும் உள்ளன. அவை அமைந்த இடங்களே வேறு. விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் உரிய அறிவியற் சொற்களைப் பொதுவேர்களிலிருந்து ஆக்குவது என்னும் கொள்கை தமிழில் எவ்வாறு வளர்ந்தது, ‘பொது’ என்பது யாருக்குப் பொது என்ற வினாவுக்கு வெவ்வேறு காலத்தார் எவ்வாறு விடை கூறினர், அவ்விடைகளின் விளைவு யாது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேக்க, இலத்தீன் வேர்களின் பணி

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கும் 1758இல் விலங்குகளுக்கும் ஈருறுப்புப் பெயரீட்டை முறையாக வழங்கினார். அதற்கு முன்னரே, 1751இல் வெளியிட்ட தாவரவியல் தத்துவ நூலில், கிரேக்க மொழியிலோ இலத்தீன் மொழியிலோ வேரில்லாத பேரினப் பெயர்கள் தள்ளத்தக்கவை என்று விதி வகுத்திருந்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பயின்ற அனைவரும் அவ்விரு மொழிகளையும் ஓரளவு அறிந்திருந்த காலம் அது. எந்த ஒரு நாட்டின் தாய்மொழியாகவும் அப்போது இல்லாமையால் இலத்தீன் எல்லார்க்கும் பொதுவாக நின்றது. அப்பெயர்களைக் கேட்ட அளவில் கற்றவர்க்குப் பொருள் தோன்றியது என்பது அம்முறையின் வலிமை.

‘பொட்’ என்னும் கிரேக்க வேர் காலைக் குறிப்பது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் கியூவியே வயிற்றைக் காலாகக் கொண்டு நகரும் நத்தை வகைகளைக் காஸ்ட்ரோபோடா என்றும், தலையைச் சூழ்ந்து கைகால்கள் அமைந்த கணவாய் வகைகளைச் செபலோபோடா என்றும் அழைத்தார். அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் செருமானிய விலங்கியலாளர் சீபோல்ட், கணுக்கணுவாக மூட்டுகள் அமைந்த கால்களையுடைய உயிர்களை ஆர்த்ரோபோடா என்று தொகுத்தார். மூன்று சொற்களிலும் கால் உண்டு. ஒரு வேரை அறிந்தவர் மூன்று சொற்களுக்கும் பாதிப் பொருளை அறிந்தவராகிறார்.

ஆயினும் விதி வகுத்தவரே அதை முற்றாகக் காக்கவில்லை. 1753ஆம் ஆண்டு நூலில் மாமரத்திற்கு அவர் இட்ட பேரினப் பெயர் மாங்கிபெரா. ‘மாங்காய்’ என்பதனோடு உறவுடைய தென்னிந்தியச் சொல் போர்த்துக்கேயர் வாயிலாக ஐரோப்பா சென்று, ‘தாங்குவது’ என்னும் பொருளுடைய இலத்தீன் ஈற்றோடு அங்கே இணைந்தது. முருங்கையை அவர் வேறொரு பேரினத்தில் அடக்கினாலும் ‘மொரிங்கா’ என்பதை அதன் சிற்றினப் பெயராக வைத்தார். 1763இல் அடான்சன் அதனையே பேரினப் பெயராக உயர்த்தினார். ஆடாதோடையின் சிற்றினப் பெயர் இன்றும் அடதோடா என்றே நிற்கிறது. ஆடு தொடாத இலை என்று நம் மருத்துவர் பொருள் கூறும் அச்சொல், இலத்தீன் பட்டியலில் பொருளிழந்த ஒலியாக உறைந்துள்ளது. தாவரங்களின் அறிவியற் பெயர்கள் எம்மொழியிலிருந்து வந்தவையாயினும் இலத்தீனாகவே கருதப்படும் என்பது இன்றைய பன்னாட்டு விதி. ஆகவே பொதுவேர்க் கொள்கை தோன்றிய இடத்திலேயே அது தூய கொள்கையாக இருந்ததில்லை. பொருள் விளங்கும் வேரும் பொருள் விளங்கா ஒலியும் அங்கும் கலந்தே இருந்தன.

தமிழ் மரபில் உயிர்களின் பெயர்கள்

தமிழில் உயிர்களை வகுத்துப் பெயரிடும் முயற்சி மேனாட்டார் வருகையோடு தொடங்கியதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாக வகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவுடையவை, நத்தை போன்றவை ஈரறிவுடையவை, கறையானும் எறும்பும் மூவறிவுடையவை, நண்டும் வண்டும் நான்கறிவுடையவை, விலங்குகள் ஐயறிவுடையவை, மக்கள் ஆறறிவுடையோர். இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றையும் எவ்வுயிர்க்கு எது உரியது என்று அது வரையறுக்கிறது.

கலைச்சொல் நோக்கில் இவற்றினும் முதன்மையானது புல்லுக்கும் மரத்துக்கும் அந்நூல் கூறும் இலக்கணம். வயிரம் புறத்தே அமைந்தது புல். அகத்தே அமைந்தது மரம். வயிரத்தைக் குறிக்க அங்கே ஆளப்படும் சொல் ‘காழ்’. இவ்வரையறையின்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லாகும். மாவும் வேம்பும் மரமாகும். உயரத்தையோ பருமனையோ கொள்ளாது உள்ளமைப்பைக் கொண்டு பிரித்த இப்பகுப்பு, இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பகுப்போடு பெரும்பாலும் ஒத்துச்செல்வதைத் தாவரவியலார் பலரும் சுட்டியுள்ளனர். இரண்டையும் ஒன்றென்று கூறுவது மிகையாகும். மரபியல் வித்திலைகளை எண்ணவில்லை. ஆனால் ஓர் உறுப்பின் அமைப்பையே பெயருக்கும் பகுப்புக்கும் அடிப்படையாக்கும் சிந்தனை அங்கே உண்டு. திவாகரம், சூடாமணி முதலிய நிகண்டுகள் விலங்கின் பெயர்க்கும் மரப்பெயர்க்கும் தனித்தனித் தொகுதி வகுத்தமை இம்மரபின் தொடர்ச்சியாகும்.

புலவர் மரபைப் போலவே உழவர், வேட்டுவர், மீனவர் வாய்மொழியும் பெயராக்கத்தில் வளமுடையது. மரங்கொத்தி, மீன்கொத்தி, ஆள்காட்டி, எறும்புதின்னி, தொட்டாற்சுருங்கி ஆகிய பெயர்களின் அமைப்பு ஒன்றே. ஒரு வினையடியோடு ‘இ’ என்னும் விகுதி சேர்ந்து, அவ்வினையைச் செய்யும் உயிரைக் குறிக்கிறது. இவ்விகுதியை வினைமுதற்பொருள் விகுதி என்பது இலக்கண நூலார் வழக்கு. இன்மையை உணர்த்தும் ‘இலி’ என்னும் ஈறும் கண்ணிலி, செவியிலி முதலிய சொற்களில் தொன்றுதொட்டு வழங்குவது. பிற்காலத்தில் விலங்கியலுக்கும் தாவரவியலுக்கும் வேண்டிய நூற்றுக்கணக்கான சொற்களைப் பெற்றுத் தந்தவை இவ்விரு ஈறுகளே.

கிறீன் முதல் 1938 வரை

மேனாட்டு அறிவியலைத் தமிழிற் கற்பிக்கும் பெருமுயற்சி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க மிசன் மருத்துவராக 1847இல் அங்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவராலும் அவர் மாணவராலும் தமிழில் வெளிவந்தன. சொல்லாக்கத்தில் அவர் கைக்கொண்ட வரிசை தெளிவானது: தமிழில் வழங்கும் சொல்லை முதலில் தேடுவது, கிட்டாதவிடத்து வடசொல்லை நாடுவது, அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதுவது.

அவ்வரிசையின் பயனையும் குறையையும் நூற்பெயர்களிலேயே காணலாம். இரணவைத்தியம் படிப்போர்க்கு உடனே விளங்கியது. வடமொழி வழிவந்த அங்காதிபாதம் கற்றோர்க்கு விளங்கியது. 1875இல் வெளிவந்த நூலின் பெயராகிய கெமிஸ்தம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஈற்றோடு பொருத்தியது. அது பின்னர்ப் பிள்ளை பெறவில்லை. அத்துறையை இன்று இலங்கையர் இரசாயனவியல் என்றும் தமிழ்நாட்டார் வேதியியல் என்றும் வழங்குகின்றனர். தனித்து நிற்கும் சொல் அடுத்த சொல்லைப் பெற்றுத் தராது என்னும் பாடம் இதனின்று கிடைக்கிறது.

இந்தியக் கரையில் 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாத்திரப் பரிபாஷைச் சங்கத்தை நிறுவினர். சங்கத்தின் இதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தது குறித்துப் பாரதியார் வருந்தி எழுதினார். 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இப்பணியைத் துறைவாரியாக மேற்கொண்டது. 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் கூடிய சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் விபுலானந்த அடிகள். மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவிற் பிறந்தவர். அறிவியலும் தமிழும் ஒருங்கே கற்றவர். 1938இல் வெளிவந்த கலைச்சொற்கள் தொகுதியில் ஏறத்தாழ 10,000 சொற்கள் இடம்பெற்றன. தாவரவியலும் விலங்கியலும் அவற்றுள் அடங்கும்.

அம்மாநாட்டின் அமைப்பு இங்கே கருதத்தக்கது. ஈழத்தவர் ஒருவர் தலைமையில், தமிழகத்துப் பேராசிரியரும் புலவரும் கூடி, தமிழ் மாணவர் அனைவர்க்கும் பொதுவான ஒரே தொகுதியை ஆக்கினர். இரு கரைக்கும் இரண்டு பட்டியல் வேண்டும் என்னும் எண்ணம் அப்போது எவர்க்கும் எழவில்லை. இன்று இரு கரைகளிலும் ஒன்றாக வழங்கும் அல்லி, புல்லி, மகரந்தம், சூலகம், வித்திலை, பச்சையம் முதலிய சொற்களைக் காணும்போது, பிரிவு தவிர்க்க முடியாததாக இருந்ததில்லை என்பது புலனாகும்.

பொது என்பது யாருக்குப் பொது

1940இல் சென்னை மாகாண அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் கலைச்சொற் குழு ஒன்றை அமைத்தது. அதன் போக்கு வடமொழிச் சார்புடையது என்றும், தமிழறிஞர்க்கு அதில் உரிய இடமில்லை என்றும் கண்டனம் எழுந்தது. கூட்டங்களும் தீர்மானங்களும் தொடர்ந்தன. குழு மாற்றியமைக்கப்பட்டது. இந்நிகழ்ச்சியைத் தனித்தமிழ் இயக்க வரலாற்றின் ஒரு பகுதியாக மட்டும் நோக்குவது போதாது. பொதுவேர் பற்றிய மூன்று கருத்துகள் அங்கே மோதின.

முதலாவது, ஐரோப்பிய மொழிகளுக்குக் கிரேக்கமும் இலத்தீனும் இருப்பதுபோல் இந்திய மொழிகளுக்கு வடமொழி பொதுவேர்க் களஞ்சியமாகும் என்பது. சென்னை மாணவரும் காசி மாணவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தலாம் என்பது இதன் நன்மையாகக் கூறப்பட்டது. இரண்டாவது, உலக அறிவியலோடு தொடர்பு அறாதிருக்க ஆங்கில வழக்கிலுள்ள சொற்களை ஒலிபெயர்த்தே கொள்ளவேண்டும் என்பது. மூன்றாவது, ஒரு மொழிக்குள் இருக்கும் சொற்கள் தம்முள் வேர்களைப் பகிர்ந்துகொள்வதே கற்போர்க்குப் பயன்தரும் பொதுமை என்பது. ‘உண்’ என்னும் வினையை அறிந்த குழந்தை தாவரவுண்ணி, ஊனுண்ணி, அனைத்துண்ணி, ஒட்டுண்ணி, சாறுண்ணி ஆகிய ஐந்தையும் ஒரே நாளில் கற்கும். மாட்டின் உடலில் ஒட்டியிருக்கும் உண்ணியைக் கண்ட சிற்றூர்ப் பிள்ளைக்கு ஒட்டுண்ணியை விளக்கவே வேண்டியதில்லை.

முதற்கருத்தின் உறுதியைப் பிற்கால வரலாற்றைக்கொண்டு சோதிக்கலாம். லின்னேயஸ் 1758இல் ‘மம்மா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து மமேலியா என்னும் வகுப்புப் பெயரைப் படைத்தார். அதுவரை நாற்காலுயிர் என்று வழங்கிய தொகுதிக்கு முலையை அடையாளமாக்கிய செயல் அது. செவிலியரிடம் குழந்தைகளைப் பாலூட்டக் கொடுக்கும் வழக்கைக் கண்டித்து அவர் 1752இல் எழுதியவர் என்பதையும், இத்தேர்வுக்கு அக்காலச் சமூகப் பின்புலம் உண்டு என்பதையும் வரலாற்றாசிரியர் லோண்டா ஷீபிங்கர் விரிவாக ஆராய்ந்துள்ளார். இப்பெயரை இந்தியாவில் மொழிபெயர்த்தபோது இந்தி மொழியார் முலையைக் குறிக்கும் வடசொல்லைக் கொண்டு ஸ்தன்தாரி, ஸ்தன்பாயி என்றனர். சிங்களத்தார் பாலைக் குறிக்கும் வடசொல்லைக் கொண்டு க்ஷீரபாயி என்றனர். வேர்க்களஞ்சியம் ஒன்றாக இருந்தும் விளைந்த சொல் ஒன்றாகவில்லை. தமிழிலும் அவ்வாறே. தமிழ்நாட்டார் பாலூட்டி என்றனர்; இலங்கையர் முலையூட்டி என்றனர். ஆகவே வேர் பொதுவாக இருப்பது மட்டும் சொல்லைப் பொதுவாக்காது. கூடிப் பேசி முடிவெடுக்கும் அமைப்பும் பொதுவாக இருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் இன்னொன்றும் நோக்கத்தக்கது. ‘பாயி’ என்பது குடிப்பது. குட்டியின் செயலைக் குறித்த சொல். ‘ஊட்டி’ என்பது தாயின் செயலைக் குறித்த சொல். தமிழ்ச் சொல்லாக்கம் வடமொழி அமைப்பை அப்படியே பின்பற்றவில்லை. மரங்கொத்தி, மீன்கொத்தி ஆகியவற்றின் அச்சிலேயே பாலூட்டியும் முலையூட்டியும் வார்க்கப்பட்டன. குறிக்கும் உயிர்களை நோக்க அச்சொற்கள் அறிவியலுக்குப் புதியவை. வார்ப்பை நோக்க நாட்டார் வழக்கிற்கு அணுக்கமானவை.

இரு கரை, இரு தொகுதி

1950களில் பிரிவு தொடங்குகிறது. இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் பாடத்துறைதோறும் தமிழ்ச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. பள்ளி உயர்வகுப்புகளில் அறிவியல் தமிழிலேயே கற்பிக்கப்பட்டது. பொதுத்தேர்வும் தமிழிலேயே நடந்தது. தாய்மொழியிற் கற்றவரே பல்கலைக்கழக அறிவியற் பீடங்களுக்குச் செல்லவேண்டியிருந்தமையால் நுண்ணிய கருத்துகளுக்கும் சொல் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் விலங்குகளையும் தாவரங்களையும் பற்றிப் பொதுமக்களுக்கு எழுதியது. கல்லூரியில் தமிழ்வழிப் பாடங்கள் 1960களில் தொடங்கின எனினும் அறிவியற் பட்டப்படிப்பில் ஆங்கிலமே ஓங்கி நின்றது. பள்ளிப் பாடநூல் எழுதியவர்கள் மாணவர் நாளை ஆங்கிலத்திற்கு மாறுவர் என்பதை மனத்திற்கொண்டே எழுதினர்.

இவ்விரு சூழல்களும் இரு வேறு சொற்பரப்புகளை விளைவித்தன. இலங்கைத் தொகுதியில் உறுப்பமைப்பும் உடற்செயலும் பெரும்பாலும் தமிழ்ப்படுத்தப்பட்டன. செல் கலமாயிற்று, திசு இழையமாயிற்று, குரோமோசோம் நிறமூர்த்தமாயிற்று. நூலையும் மணியையும் குறிக்கும் கிரேக்க வேர்கள் இணைந்த மைட்டோகாண்டிரியா, அதே பொருளில் இழைமணி ஆயிற்று. வாய் என்னும் பொருளுடைய ஸ்டோமா இலைவாய் ஆயிற்று. பட்டையைக் குறிக்கும் கிரேக்க வேரினின்று வந்த புளோயம், ‘உரி’ என்னும் அடியினின்று உரியம் ஆயிற்று. மரக்கட்டையைக் குறிக்கும் வேரினின்று வந்த சைலத்திற்கு மரபியலின் ‘காழ்’ மீண்டும் உயிர்பெற்றது. இழையம் என்ற ஒரு சொல்லிலிருந்து பிரியிழையம், மாறிழையம், புடைக்கலவிழையம், இழையவியல் எனச் சொற்கள் கிளைத்தன. வித்துமூடியிலி, வித்துமூடியுளி என்னும் இணை, விதை திறந்திருப்பதும் மூடியிருப்பதுமாகிய வேற்றுமையை ஈரெழுத்து மாற்றத்தில் காட்டியது. ஆனால் விலங்குத் தொகுதிகளின் பெயர்கள் ஆத்திரப்போடா, மொலஸ்கா, அனலிடா எனப் பெரும்பாலும் ஒலிபெயர்ப்பாகவே நின்றன. அவை உலகப் பொதுவான இடுகுறிப் பெயர்கள் என்னும் கருத்து இதற்கு அடிப்படையாகலாம்.

தமிழ்நாட்டில் இதன் மறுதலை நிகழ்ந்தது. செல், திசு, குரோமோசோம், சைலம், புளோயம் ஆகியவை அப்படியே வழங்கின. தொகுதிப் பெயர்களோ துளையுடலிகள், குழியுடலிகள், மெல்லுடலிகள், கணுக்காலிகள், முட்தோலிகள், முதுகெலும்பிகள் எனத் தமிழாயின. வயிற்றுக்காலி, தலைக்காலி ஆகியவை கியூவியேயின் சொற்களுக்கு வேருக்கு வேர் நிகராக அமைந்தன. ஒளித்தொகுப்பு, ஒளிச்சேர்க்கை, ஆவியுயிர்ப்பு, நீராவிப்போக்கு என உடற்செயற் சொற்கள் சிலவற்றில் இரு கரையும் தமிழையே நாடித் தனித்தனிச் சொற்களை அமைத்தன.

வேர் காட்டுவதும் மறைப்பதும்

பொதுவேர்ச் சொற்களின் பயனை மட்டும் கூறி அவற்றின் குறையை மறைப்பது ஆய்வுக்கு அழகன்று. துளையுடலி, குழியுடலி, மெல்லுடலி ஆகிய மூன்றும் ‘உடலி’ என முடிகின்றன. பொரிபெரா, சீலென்டரேட்டா, மொலஸ்கா என்னும் மூலப்பெயர்களில் இவ்வொற்றுமை இல்லை. தமிழ்ப்பெயர்களை மட்டும் கற்ற மாணவர் இம்மூன்றும் ஒரே குடும்பத்தவை என்று மயங்க இடமுண்டு. உண்மையில் கடற்பஞ்சும் இழுதுமீனும் நத்தையும் உயிரின வரலாற்றில் நெடுந்தொலைவு விலகியவை. கிரேக்க வேர்ச் சொற்களும் இம்மயக்கத்தினின்று தப்பவில்லை. காஸ்ட்ரோபோடாவும் ஆர்த்ரோபோடாவும் ‘காலை’ப் பகிர்வதால் உறவாகிவிடவில்லை. வேர் உருவத்தைக் காட்டும், மரபுவழியைக் காட்டாது. நத்தைக்கு உண்மையில் கால் இல்லை, தசைப்பாதம் உண்டு. பெயர் அறிவின் தொடக்கமேயன்றி முடிவன்று என்பதை ஆசிரியர் உணர்த்தவேண்டும்.

மற்றொரு குறை, வேர் விளங்குவதாலேயே சொல் தவறாக விளங்குவது. தச்சுத் தொழிலில் ‘உளி’ கருவியின் பெயர். வித்துமூடியுளி என்பதில் அது ‘உள்ளது’ என்னும் பொருளது என்று விளக்காவிடில் சொல் வேடிக்கையாகும். நிறமூர்த்தம் என்பதன் ‘மூர்த்தம்’ உருவத்தைக் குறிப்பது; கோயிலையே நினைப்பவர்க்கு அது விளங்காது. இத்தகைய இடர்கள் இருந்தும், தமிழ் வேர்ச் சொல்லைப் பிரித்துக் காட்டி விளக்க ஆசிரியருக்கு வழியுண்டு. சைலம் என்னும் ஒலியைப் பிரித்துக் காட்ட அவர் கிரேக்க மொழிக்கே செல்லவேண்டும்.

பிரிவின் விலை

இரு தொகுதிகளும் தத்தம் எல்லைக்குள் நின்றவரை சேதம் வெளிப்படவில்லை. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து ஏதிலியராகத் தமிழ்நாடு சென்று அங்குப் பள்ளிகளிற் சேர்ந்த பிள்ளைகள் அதனை முதலில் எதிர்கொண்டனர். பேச்சு வழக்கின் வேறுபாடு சில திங்களில் பழகிவிடும். கலம் என்று கற்றதைச் செல் என்றும், முள்ளந்தண்டு விலங்குகள் என்று கற்றதை முதுகெலும்பிகள் என்றும் தேர்வுத்தாளில் மாற்றி எழுதவேண்டிய நிலையில், அறிந்த பாடமே அறியாத பாடமாயிற்று. அவர்கள் இழந்தது அறிவியலை அன்று. அதற்கு இட்ட பெயர்களை. தேர்வில் அவ்விரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

அடுத்து எதிர்கொள்வோர் புலம்பெயர் நாடுகளில் பிறந்த பிள்ளைகள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வார இறுதித் தமிழ் வகுப்புகளில் இரு கரைப் பெற்றோரின் பிள்ளைகளும் ஒரே இருக்கையில் அமர்கின்றனர். அவர்களுக்குப் பாலூட்டி ஒரு வீட்டுச் சொல். முலையூட்டி மற்றொரு வீட்டுச் சொல். பகற்பள்ளியில் கற்கும் ஆங்கில, பிரெஞ்சு, செருமானியச் சொற்கள் இவ்விரண்டையும் எளிதில் ஒதுக்கிவிடும். இரண்டில் எது சரி என்று பெரியோர் வாதிடும் வேளையில் பிள்ளை மூன்றாவது மொழியின் சொல்லோடு வெளியேறிவிடும். அதே வேளை, இரு தொகுதிகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வாய்ப்பும் இவ்வகுப்பறைகளிலேயே கூடுதலாக உண்டு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று, பொதுவேர்களினின்று உயிரியற் சொற்களை ஆக்கும் ஆற்றல் தமிழுக்கு இரவலாக வந்ததன்று. மரபியலின் காழும் நாட்டார் வழக்கின் மரங்கொத்தியும் அதற்குச் சான்று. இரண்டு, வேர் பொதுவாக இருப்பதால் மட்டும் சொல் பொதுவாவதில்லை. 1936இல் இரு கரையினரும் ஒரே அவையிற் கூடியமையே அக்காலத்துத் தொகுதியைப் பொதுவாக்கியது. பிற்காலத்தில் அவை இரண்டானபோது சொல்லும் இரண்டாயிற்று. மூன்று, இரு தொகுதிகளும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும் தன்மையுடையன. இலங்கையர் தமிழாக்காது விட்ட தொகுதிப் பெயர்களைத் தமிழ்நாட்டார் ஆக்கியுள்ளனர். தமிழ்நாட்டார் தமிழாக்காது விட்ட உறுப்புப் பெயர்களை இலங்கையர் ஆக்கியுள்ளனர்.

ஆகவே ஒரு கரையின் சொல்லை மறுகரையின்மீது ஏற்றும் ஒருமைப்பாடு வேண்டுவதில்லை. அது நடைபெறுவதும் அரிது. வேர்களை அகரவரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு வேரின்கீழும் இரு கரைச் சொற்களையும் அவற்றின் அறிவியற் பெயரையும் படத்தோடு தரும் ஓர் இணைச் சொற்றொகுதி முதற்பணியாக அமையலாம். ‘இழை’ என்பதன்கீழ் இழையமும் இழைமணியும், ‘கால்’ என்பதன்கீழ் கணுக்காலியும் தலைக்காலியும், ‘உண்’ என்பதன்கீழ் உண்ணிகள் யாவும் நிற்கும். இரு நாட்டுப் பாடநூல் ஆக்குவோரும் ஒரு சொல் முதன்முறை வரும் இடத்தில் மறுகரைச் சொல்லையும் உடன் குறிப்பது இரண்டாவது பணி. இதற்குப் பெரும் பொருட்செலவோ சட்டமோ தேவையில்லை. விபுலானந்த அடிகள் தலைமையில் ஒரு முறை கூடியதுபோல் மறுமுறை கூடும் ஓர் அவையே தேவை. யாழ்ப்பாணத்து ஆசிரியரும் மதுரை ஆசிரியரும் புலம்பெயர் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் அவ்வவையில் இருத்தல் வேண்டும். தண்டின் குறுக்குவெட்டுமுகத்தை வரையும் மாணவர் இருவர் ஒருவர் படத்தை மற்றவர் வாசித்தறியும் நிலை அதன்பின் தொலைவில் இராது.